கடுகு பிடிபட்ட இடம்

ஒரு நாயை வீட்டைவிட்டு அனுப்புவதற்கு சங்கிலிமுத்துவுக்கு ஒரு சாக்கும் ஒரு லோடு ஆட்டோவும் முக்கால் மணி நேரமும் போதுமாயிருந்தன. அதே நாயைத் திரும்பக் கேட்கப் போனபோது பதினொரு பக்க விண்ணப்பம், மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி, ஒரு வீட்டு ஆய்வு, ஒரு விழா எல்லாம் தேவைப்பட்டன. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கருணை காட்டுவதற்கு நடைமுறை உண்டு. கைவிடுவதற்கு அப்படி எதுவும் இன்னும் ஏற்படுத்தப்படவில்லை.

சங்கிலிமுத்து தாயில்பட்டிக்காரன். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் ரூமில் வேலை. சாயங்காலம் வீடு திரும்பும்போது முழங்கைவரை அலுமினியத் தூள் ஏறி, சாமிக்கு வெள்ளிக் கவசம் சாத்தியதுபோல் கைகள் மின்னும். மனைவி யோகேஸ்வரி தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்வருகிறவள். ஒரே மகளைச் சாத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மகள் போன பிறகு வீட்டில் மிச்சமிருந்த பிள்ளை கடுகுதான். குட்டியாக வந்தபோது கறுத்து உருண்டு அப்படி இருந்ததால் யோகேஸ்வரி வைத்த பெயர். வளர்ந்தபின் கால் நீண்டு காது ஒன்று கிழிந்து ஆளே மாறிப்போனாலும் பெயர் மாறவில்லை.

போன ஐப்பசியில் மகள் பேறுகாலத்துக்கு வந்திருந்தாள். ஒருநாள் தாயும் மகளும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த மத்தியான வேளையில், கடுகு முற்றத்தில் சரிந்து விழுந்தது. நான்கு கால்களும் ஓடுவதுபோல் உதைத்துக்கொண்டன. வாயில் நுரை தள்ளியது. வலிப்பு வந்தவர்களுக்கு ஊரில் என்ன செய்வார்களோ அதைத்தான் சங்கிலிமுத்தும் செய்தான். வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்து அதன் பாதத்தில் வைத்தான். நாய்க்கு இரும்பை இறுக்கிப் பிடிக்க விரல் இல்லை. சாவி விழுந்தது. மூன்று தடவை வைத்தான், மூன்று தடவையும் விழுந்தது. பக்கத்து வீட்டார் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, இது வெறிதான், வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில் இதை வைத்திருக்கக் கூடாது என்றார்கள். மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தீபாவளி சீசன், மறுநாள் வேலைக்குப் போயாக வேண்டும், பயம் வேறு. கேட்கவில்லை.

சூலக்கரைக்கு அப்பால், கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, சகல சீவன் நல்வாழ்வுப் பேரவை என்று ஒரு காப்பகம் இருக்கிறது. அங்கே சாக்கை இறக்கினான். சாத்தூர் விலக்கில் நாலுவழிச் சாலையோரம் கேட்பாரற்றுக் கிடந்தது என்று சொன்னான். அப்படியே எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துக்கூடக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, வெடிச்சத்தத்துக்குப் பயந்து கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்று யோகேஸ்வரியிடம் சொன்னான்.

அவள் தேடாத இடமில்லை. வெம்பக்கோட்டை அணைவரைக்கும் போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். அப்புறம் தினமும் கடுகின் அலுமினியத் தட்டில் சோறு வைத்து வாசல்படியோரம் வைக்க ஆரம்பித்தாள். சாயங்காலம் அது காய்ந்து கிடக்கும், கோழிகளுக்குப் போடுவாள். மறுநாள் திரும்ப வைப்பாள். கடுகு திரும்பி வந்தால் தீச்சட்டி எடுப்பதாக இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். பொய் சொல்வது சங்கிலிமுத்துவுக்கு அப்படியொன்றும் கடினமாக இல்லை. அந்தத் தட்டைத் தாண்டி தினமும் வேலைக்குப் போவதுதான் முடியவில்லை.

மகளுக்கு ஆண்பிள்ளை பிறந்து, மூன்றாம் மாதம் தாயும் பிள்ளையும் சாத்தூர் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வாரம்தான் அவன் போனுக்கு ஒரு படம் வந்தது. கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் போர்மேன் அனுப்பியது. பேரவையின் தலைவர் வேறு யாருமில்லை, கம்பெனி முதலாளி மணிமுத்துவே. அதனால் பேரவையின் அறிவிப்புகள் எல்லாம் தொழிலாளர்களுக்குத் தவறாமல் வந்துசேரும். சம்பள உயர்வு அறிவிப்புகள்தான் சிக்னல் கிடைக்காமல் நின்றுவிடும். படத்தில் கிழிந்த காதோடு கடுகு இருந்தது. கீழே எழுதியிருந்தது: 'சீசர். சிறப்புக் கவனிப்புக்குரிய செல்லம். வலிப்பு நோய்க்கு வாழ்நாள் முழுவதும் காலை ஒரு மாத்திரை, மாலை ஒரு மாத்திரை. வேறு குறை இல்லை. கருணை உள்ளம் கொண்டோர் தத்தெடுக்கலாம்.'

வேறு குறை இல்லை என்ற இடத்தை அவன் இரண்டு முறை வாசித்தான். ஒரு மாத்திரையில் அடங்குகிற வியாதிக்கு அவன் ஒரு சாக்கைக் கொண்டுபோயிருந்தான்.

யோகேஸ்வரியிடம் சொல்லவில்லை. அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுக் காப்பகத்துக்குப் போனான்.

பேரவையின் செயலாளர் பிரபாகரன் ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர். முப்பத்துமூன்று வருட சர்வீசில் ஒரு கட்டத்தைக்கூட நிரப்பாமல் விட்டதில்லை என்று அவரே சொல்வார். அவர் விண்ணப்பத்தை நீட்டி, நீலமைப் பேனாவையும் கொடுத்தார். சங்கிலிமுத்து பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பத் தொடங்கினான். வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் வெடிச்சத்தம் உண்டா என்பது பன்னிரண்டாவது கேள்வி. தாயில்பட்டியில் இருந்துகொண்டு இதற்கு என்ன எழுதுவது என்று விழித்தான். செயலாளர் எட்டிப் பார்த்து உதவினார்.

"தொழில் ஒலி என்று போடுங்கள். நம் மாவட்டத்தில் வெடிச்சத்தம் இருப்பதாக எழுதினால் தலைவர் வருத்தப்படுவார்."

உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் நாயின் எதிர்காலத்துக்கு என்ன ஏற்பாடு என்பது பதினெட்டாவது கேள்வி. சங்கிலிமுத்து வெகுநேரம் யோசித்தான். கம்பெனியில் சேர்ந்தபோது, அவனுக்கு ஏதேனும் நேர்ந்தால் அவன் பெண்சாதிக்கு என்ன ஏற்பாடு என்று யாரும் கேட்டதாக ஞாபகமில்லை. ஒரு நாய்க்காக இவ்வளவு தூரம் யோசிக்கிற முதலாளியின் மேல் அவனுக்கு மரியாதைதான் வந்தது.

இருபத்தேழாவது கேள்வி: 'இதற்கு முன் எந்தச் சீவனையாவது கைவிட்டதுண்டா?' அடியில் சின்ன எழுத்தில், 'உண்டு எனில் மேற்கொண்டு நிரப்ப வேண்டாம்' என்று இருந்தது.

'இல்லை' என்று எழுதினான். பேனா திக்கியிருந்தாலாவது ஒரு சாக்கு இருந்திருக்கும். அது வழவழவென்று எழுதியது.

வெளியே வரும்போது, கூண்டுகளைக் கழுவுகிற கருப்பம்மாள் வாசல் கேட் பக்கத்தில் நின்றிருந்தாள். அவனைவிட ஐந்தாறு வயது மூத்தவள். அவள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, சொம்பை வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"இங்கன அதுக்கு சீசர்னு பேரு வச்சிருக்காக, தம்பி. கூப்பிட்டாத் திரும்பாது. கடுகுன்னாத்தான் வரும்."

அவனுக்கு ஐப்பசியில் நாயை விட்டுவிட்டுத் திரும்பும்போது, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, கடுகு கத்தாம இரு என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு ஒரு பொம்பளை முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"ரோட்டுல கெடந்த நாய்க்குப் பேரு எப்பிடித் தெரிஞ்சுச்சுன்னு அன்னைக்கே யோசிச்சேன்" என்றாள் கருப்பம்மாள். "யோசிச்சேன், கேக்கல. ஒரு கஷ்டம் இல்லாமலா கொண்டாந்து விட்டிருப்பீக. வந்துட்டீகல்லா, அது போதும்."

அவள் திட்டியிருக்கலாம். அவனுக்கு அது சௌகரியமாக இருந்திருக்கும்.

பயிற்சி ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. பேரவையின் கூட்ட அறையில் ஏசி போட்டு, திரையில் படம் காட்டி, செயலாளர் பாடம் எடுத்தார். சிறப்புக் கவனிப்பு நாய்களுக்குத் தத்துக் கேட்டவர்கள் நான்கு பேர். முதல் ஞாயிறு நாயின் மனநலம். இரண்டாம் ஞாயிறு நாயின் உரிமைகள். மூன்றாம் ஞாயிறு தேர்வு. மூன்று வாரமும் நாய்களை மட்டும் பார்க்க அனுமதி இல்லை; பயிற்சி முடியாதவர்கள் அருகே போனால் நாயின் மனநலம் கெடும்.

இரண்டாம் ஞாயிறு, வலிப்பின்போது செய்ய வேண்டியவை என்ற தலைப்பில் செயலாளர் பேசிக்கொண்டிருந்தார். வலிப்பு தொடங்கிய நேரத்தைப் படிவம் ஒன்பதில் குறிக்க வேண்டும், சாட்சி ஒருவரிடம் கையெழுத்துப் பெற வேண்டும், அலுவலக வேலை நாளாயின் பேரவைக்குத் தெரிவிக்க வேண்டும். அப்போது பின்புறக் கொட்டகையில் தகரம் தடதடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. சங்கிலிமுத்து எழுந்து ஓடினான்.

கடுகுதான். கருப்பம்மாள் ஏற்கெனவே அதன் பக்கத்தில் குந்தியிருந்தாள். தண்ணீர்ச் சட்டியைத் தள்ளி வைத்தாள். தலை தகரத்தில் இடிக்காமல் இருக்கத் தன் முந்தானையைச் சுருட்டி அண்டக் கொடுத்தாள். அவன் பழக்கதோஷத்தில் இடுப்புச் சாவியை உருவினான்.

"சாவி எதுக்கு? அதென்ன பீரோவையா தெறக்கப் போகுது?" என்றாள். "ஒருக்களிச்சுப் படுக்கட்டும். புடிச்சு அமுக்காதீக. வாய்க்குள்ள கை வைக்காதீக. ஈரத்துணிய மேல போட்டுட்டு சும்மா பக்கத்துல இருங்க. தானா வந்த மாதிரி தானாப் போயிரும்."

சும்மா பக்கத்தில் இருந்தான். இரண்டு நிமிடத்தில் போய்விட்டது. கடுகு கண்ணைத் திறந்து, மங்கலாக எங்கோ பார்த்து, பிறகு மூக்கை அவன் மணிக்கட்டில் வைத்து மோந்தது. வால் ஒரு தடவை தரையில் தட்டியது. அவன் கையை இழுத்துக்கொண்டான். இழுத்தது ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. கடன் வாங்கினவன் தெருவில் ஒதுங்குவதுபோல் இருந்தது அது.

பயிற்சி வகுப்பில் அவனுக்கு ஏழு நிமிடம் வராதவர் என்று பதிவானது. தேர்வில் எழுபது விழுக்காடு வாங்கினான். வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, 'பக்கத்தில் இருப்பேன்' என்று எழுதியதற்கு மட்டும் மதிப்பெண் இல்லை.

அடுத்தது வீட்டு ஆய்வு. பிரபாகரன் அளவு நாடாவோடும் போட்டோகிராபரோடும் வந்தார். வீட்டை நாலு பக்கமும் அளந்து, வாசலில் நின்று தலையை ஆட்டினார்.

"அறைக்கு ஒரே வாசல்தான் இருக்கிறது. நாய் உறங்கும் அறைக்கு இரண்டு வாசல் வேண்டும். ஒரு பக்கம் நெருப்பு என்றால் மறுபக்கம் அது வெளியேற வேண்டாமா? தலைவரே தன் கைப்பட எழுதிய விதி."

சங்கிலிமுத்து வேலை பார்க்கும் ரூமுக்கும் வரைபடத்தில் இரண்டு வாசல் உண்டு. பின்வாசலில் சீசன் முடியும்வரை அட்டைப் பெட்டிகளை அடுக்கியிருப்பார்கள். அடுத்த சீசன் தொடங்கும்போதுதான் முந்தின சீசன் முடியும். அவன் கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"ரெண்டு வாசல் இருந்து, ஒண்ண அடச்சு வச்சிருந்தா என்னங்கய்யா?"

"நாய்க்கு அனுமதி கிடையாது."

"மனுசனுக்குங்கய்யா?"

"அது வேறு துறை" என்றார் பிரபாகரன்.

விழாவுக்குத் தேதி ஏற்கெனவே குறித்தாகிவிட்டதால், பின்சுவர் ஜன்னலை வாசல் என்று எழுதிக்கொண்டு கிளம்பத் தயாரானார். அந்நேரம் பார்த்து யோகேஸ்வரி வேலையிலிருந்து வந்தாள். கோப்பின் மேலே குத்தியிருந்த படத்தைப் பார்த்தாள். பையைக் கீழே போட்டுவிட்டு, இது எங்க கடுகு, ஐப்பசியில ஓடிப்போனது, காதைப் பாருங்க, கீரி கடிச்சது என்று படத்தைத் தடவினாள். ஓடிப்போய் வாசலோரத்துத் தட்டைச் சோற்றோடு எடுத்துவந்து, அத்தாட்சிபோல் நீட்டினாள்.

பிரபாகரனின் முகம் மலர்ந்தது. தொலைந்த செல்லம், தேடித் தந்த பேரவை என்று பிளெக்ஸ் வாசகம் அந்த இடத்திலேயே அவர் வாயில் வந்துவிட்டது. உங்கள் நாய்தான் என்று முன்பே ஏன் சொல்லவில்லை என்று சங்கிலிமுத்துவிடம் கேட்டார். அடையாளம் சரியாகத் தெரியவில்லை என்று அவன் சொன்னான். இரண்டாவது பொய் முதல் பொய்யைவிட லேசாக வந்தது.

அவர்கள் போனபின் யோகேஸ்வரி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரியாம, எனக்காவத் தேடி அலைஞ்சிருக்கீகளா?" என்றாள். பிறகு அவன் கையைப் பிடித்து, அதிலிருந்த வெள்ளித் தூளை முந்தானையால் துடைத்துவிட்டாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் செய்ததில்லை. அவன் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றான். அப்போது சொல்லியிருக்கலாம். மனிதனுக்குக் கடவுள் இப்படி எத்தனையோ அப்போதுகளைக் கொடுக்கிறார். அவன் அதை வீணாக்கினான்.

விழா பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காப்பகத்து வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். பிளெக்ஸில் முதலாளி ஆள் உயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கடுகு தபால்தலை அளவில் ஓரத்தில் இருந்தது. கூட்டத்துக்குக் கம்பெனி பஸ்களில் தொழிலாளர்களைக் கூட்டிவந்திருந்தார்கள். பால்பாண்டியும் வந்திருந்தான். சங்கிலிமுத்துவோடு ஒரே ரூமில் வேலை பார்த்தவன். தீக்காயத்தில் வலது கை போன பிறகு, வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லப்பட்டவன். விழாவுக்கு மட்டும் வர வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. யோகேஸ்வரி மகள் எடுத்துக்கொடுத்த புதுச்சேலை கட்டி, மடியில் அலுமினியத் தட்டை வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மேடையில் கடுகுக்குப் பொன்னாடை போர்த்தி நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் சங்கிலிமுத்து, நன்றியுரைக்காகக் கையில் மைக்கோடு நின்றான். முதலாளியின் கார் வாசலில் திரும்பியதும், அவரை வரவேற்கப் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தினார்கள். வேண்டாம் என்று சங்கிலிமுத்து காலையிலேயே கெஞ்சியிருந்தான். இது பசுமைப் பட்டாசு, விதிகளுக்கு உட்பட்டது என்று பிரபாகரன் விளக்கியிருந்தார். விதிகள் கடுகுக்கு எட்டவில்லை. வாலா பாதி வெடிப்பதற்குள் அது மேடையில் சரிந்தது.

மேடையில் இருந்த பிரமுகர்கள் நாற்காலிகளின் மேல் ஏறினார்கள். நாயின் உரிமைகளைப் பற்றி மூன்று வாரம் பேசிய பிரபாகரன் குத்துவிளக்குக்குப் பின்னால் போய்விட்டார். சங்கிலிமுத்து பொன்னாடையை உருவி எறிந்தான். விளக்கைத் தள்ளி வைத்தான். தோள்துண்டைச் சுருட்டித் தலைக்கு அண்டக் கொடுத்தான். கருப்பம்மாள், பணியாளர்கள் மேடையேறக் கூடாது என்ற உத்தரவை மறந்துவிட்டு, ஈரத்துணியோடு ஏறினாள். அவளுக்கு முந்தியே யோகேஸ்வரி வந்துவிட்டாள். கடுகுக்கு வலிப்பு வந்து அவள் கண்ணால் பார்த்ததில்லை. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி அதன் பாதத்தில் வைக்கப் போனாள்.

"சாவி வேண்டாம் புள்ள" என்றான் சங்கிலிமுத்து. "நான் வச்சுப் பாத்துட்டேன். நிக்காது."

யோகேஸ்வரியின் கை நின்றது.

"நீங்க எப்ப வச்சீக?"

அவன் அவளைப் பார்த்தான். அவள் கண்ணில் இன்னும் சந்தேகம்கூட வரவில்லை. வெறும் கேள்விதான் இருந்தது. அதற்கு மேல் அவனால் முடியவில்லை. அவளுக்கு மட்டும் கேட்கும்படி, மெதுவாகச் சொன்னான்.

"ஐப்பசில. நீயும் பிள்ளையும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த அன்னைக்கு. வெறின்னு சொன்னாக, பயந்துட்டேன். அதுவா ஓடல, புள்ள. நாந்தான் சாக்குல கட்டி இங்கன கொண்டாந்து விட்டேன். ஒங்கிட்டப் பொய் சொன்னேன்."

மைக் அவன் இடது கையிலேயே இருந்தது. ஐந்து மாதமாகத் தொண்டையைத் தாண்டாத வார்த்தைகளை வேப்பமரத்துக் குழாய் சூலக்கரை முழுவதற்கும் சொல்லி முடித்தது. வாலாவும் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஒரு காக்கா கத்தினாலும் கேட்டிருக்கும்.

யோகேஸ்வரி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வலிப்பு நிற்கும்வரை கடுகின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அது கண் திறந்ததும் அதன் நெற்றியை ஒருமுறை நீவிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு, இறங்கிப் பஸ்ஸை நோக்கி நடந்தாள்.

முதலாளி மணிமுத்து காரிலிருந்து இறங்கும்போதே எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவர் மைக்கை வாங்கினார். எழுதிவைத்த உரையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, உள்ளத்திலிருந்து பேசினார்.

"ஆதாயம் இருக்கும்வரை வைத்துக்கொண்டு, உடம்புக்கு முடியாமல் போனதும் வாசலுக்கு வெளியே தள்ளுகிறவனை நான் மனிதன் என்றே சொல்லமாட்டேன். வாயில்லாச் சீவன் என்பதால் வந்த துணிச்சல் அது. நம் கம்பெனியில் எண்ணூறு பேர் வேலை பார்க்கிறார்கள். ஒருவராவது என்னிடம் ஒரு குறை சொன்னதுண்டா? இன்றுவரை கிடையாது. சொன்னவர்கள் யாரும் இப்போது நம்மிடம் இல்லை. அப்படிக் குடும்பம்போல் வைத்திருக்கிறேன்."

கைதட்டச் சொன்னார்கள். கூட்டம் தலையைக் குனிந்துகொண்டு தட்டியது. பால்பாண்டி இருந்த கையால் தொடையில் தட்டினான். சங்கிலிமுத்துவுக்கு அந்தச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. அவன் குனிந்து நிற்பதற்கு அவனுடைய காரணம் இருந்தது. அவர்கள் எதற்குக் குனிகிறார்கள் என்று எண்ணியபோது, பால்பாண்டி வேலையைவிட்டுப் போன பிறகு அவன் வீட்டுப் பக்கம் தான் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. அன்று மேடையிலும் கீழேயும் வெட்கப்படாதவர்கள் சிலரே. அவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தது.

சங்கிலிமுத்துவுக்கு நாய் தத்தெடுக்க ஆயுட்காலத் தடை விதிக்கப்பட்டது. கடுகை முதலாளியே கௌரவத் தத்து எடுத்துக்கொண்டார். அதாவது, சான்றிதழ் முதலாளி வீட்டுச் சுவருக்குப் போனது. கடுகு பழைய தகரக் கொட்டகைக்குப் போனது.

வீட்டில் யோகேஸ்வரி பேசவில்லை. சமைத்தாள், வேலைக்குப் போனாள், வந்தாள். தட்டில் சோறு வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. இப்போது அதை வாசலுக்குச் சரி நடுவில், அவன் தாண்டித்தான் போக வேண்டும் என்கிற மாதிரி வைத்தாள். அவன் பால்பாண்டி வீட்டுக்குப் போய் வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தான். பால்பாண்டியின் சட்டைப் பித்தான் ஒன்று கழன்றிருந்தது, அதைப் போட்டுவிட்டான்.

புதன்கிழமை காப்பகத்து வாசலுக்குப் போனான். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். கருப்பம்மாளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போனான். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"அத மாரியாத்தாகிட்டச் சொல்லுங்க. இப்ப நாஞ் சொல்றதக் கேளுங்க. ரிஜிஸ்டர்ல பிடிபட்ட இடம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல நீங்க சொன்ன பொய்யி இன்னும் அப்பிடியே கெடக்கு. மைக்குல சொன்னத ஒரு தாள்ல எழுதி செயலாளர்ட்டக் குடுத்துட்டுப் போங்க. நெசமான எடத்த எழுதுங்க. வேற ஒண்ணும் எழுதாதீக."

"எழுதினா என்னக்கா ஆகும்?"

"எனக்கு என்ன தெரியும், நான் படிக்காதவ" என்றாள். "ஆறு வருசமா அந்த ரூமக் கூட்டிப் பெருக்குறேன். அவுக சட்டத்தச் சத்தமா வாசிப்பாக."

எழுதினான். 'மேற்படி நாய் பிடிபட்ட இடம் சாத்தூர் விலக்கு அல்ல. தாயில்பட்டி நடுத்தெருவில் என் வீட்டு வாசல்.' முதல்முறையாகப் பேனா திக்கியது. பிரபாகரன் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார். குற்றவாளி எழுத்துமூலம் ஒப்புக்கொண்டது கோப்புக்கு நல்லது. சிவப்பு மையில் பழைய இடத்தை அடித்துப் புதிய இடத்தை எழுதிச் சுருக்கொப்பமிட்டார். பிறகு, வழக்கம்போல் 'நாயை விட வேண்டிய இடம்' என்ற அடுத்த கட்டத்துக்குப் போனார்.

அங்கேதான் அவர் பேனா நின்றது. விதிப்படி, பிடிபட்ட இடம் நாய் வாழத் தகாத நெடுஞ்சாலை என்றால் தத்துக் கொடுக்கலாம். பிடிபட்ட இடம் குடியிருப்புத் தெரு என்று தெரியவந்தால், தடுப்பூசி போட்டு, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை முடிந்த நாயை ஏழு நாளுக்குள் அதே இடத்தில் கொண்டுபோய் விட்டாக வேண்டும். சங்கிலிமுத்து அந்த நாய்க்கு உரிமையாளனாக இருக்க ஆயுட்காலத்துக்கும் தகுதியற்றவன். ஆனால் நாய் அவன் வாசலில் இருப்பதற்குத் தகுதியுள்ளது. பிரபாகரன் விதியை நான்கு தடவை வாசித்தார். கட்டத்தை வெறுமையாக விட அவரால் முடியாது. முப்பத்துமூன்று வருடப் பழக்கம். முதலாளிக்குச் சங்கடம் வராமல், கொட்டகையில் இருந்த வேறொரு நாய்க்குச் சீசர் என்று பெயர் மாற்றினார்கள். சான்றிதழை இறக்க வேண்டியிருக்கவில்லை.

ஏழாம் நாள் சாயங்காலம் பேரவை வேன் நடுத்தெருவில் வந்து நின்றது. சங்கிலிமுத்து அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, கையைக்கூடக் கழுவாமல் படியில் உட்கார்ந்திருந்தான். டிரைவர் அன்பரசன் கதவைத் திறந்து, கடுகைத் தூக்கி வாசலில் விட்டான். சாட்சிக்குப் போட்டோ எடுத்தான். பிறகு தாளைப் பார்த்துச் சத்தமாக வாசித்தான்.

"இந்நாய் பொது இடத்தில் விடப்படுகிறது. இதற்கு உரிமையாளர் எவரும் இல்லை."

வாசித்து முடித்துத் தாளை மடித்தபின், சட்டைப் பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தான். கருப்பம்மாக்கா குடுக்கச் சொன்னாக, ஒரு நாளும் விடக் கூடாதாம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வேனை எடுத்தான். முடிச்சில் ஒரு மாதத்துக்கான மாத்திரைகள் இருந்தன. அவளுக்கு எழுதத் தெரியாது. அட்டைத் துண்டு இரண்டில் கரியால் வரைந்திருந்தாள்: ஒன்றில் சூரியன் கோட்டுக்கு மேலே, மற்றதில் கோட்டுக்குக் கீழே.

கடுகு தெருவை மோந்தது. வேலியை மோந்தது. வாசல் நடுவில் இருந்த தட்டைக் கண்டு, நேற்றுத்தான் விட்டுப்போனதுபோல் அதில் வாய் வைத்தது.

யோகேஸ்வரி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் ஒரு வாழைப்பழம் எடுத்துவந்தாள். ஒரு துண்டு உரித்து, நடுவில் மாத்திரையைப் பொதிந்தாள். நாய்க்குக் கொடுக்கக் குனிந்தவள், நிமிர்ந்து அவன் பக்கம் திரும்பினாள். பத்து நாளில் முதல் தடவையாகப் பேசினாள்.

"கையக் கழுவிட்டு வாங்க."

அவன் தொட்டிக்குப் போய்க் கழுவினான். சோப்புப் போட்டு, நகக்கண்வரை தேய்த்து, இரண்டாம் தடவையும் கழுவினான். தீச்சட்டியை இனி யார் எடுக்க வேண்டும் என்பது அங்கே பேசப்படவில்லை. தேய்த்துக் கழுவும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் பழத்துண்டை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் வாசலில் குந்தி, கையை நீட்டினான். கடுகு கடித்திருந்தால், உறுமியிருந்தால், ஒரு நிமிடம் யோசித்தாவது இருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அது யோசிக்கவில்லை. வாங்கி விழுங்கிவிட்டு, வெறும் கையை வெகுநேரம் நக்கிக்கொண்டிருந்தது.